யாரும் தேடாத வார்த்தைக்கு முதலிடம் வாங்கி என்ன செய்ய?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் வாகை மரச்செக்கு போட்டு ஆறு வருடமாக எண்ணெய் ஆட்டி விற்கிறோம். வலைத்தளம் இருக்கிறது, ஆனால் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஒரு நிறுவனம் 50 கீவேர்டுகளில், அதாவது மக்கள் கூகுளில் தேடும் சொற்களில், எங்கள் தளத்தை மூன்று மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக உத்தரவாதம் தருகிறது, மாதம் 15,000 ரூபாய். அதற்கு முன் ‘கீவேர்டு ரிசர்ச்’ என்று தனியாக 10,000 கேட்கிறார்கள். விற்பது எண்ணெய், இதில் ஆராய என்ன இருக்கிறது? அந்தப் பத்தாயிரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: பேரம் பேசுங்கள், ஆனால் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை. அந்த 50 கீவேர்டுகள் எவை என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சர்வே நம்பர் பார்க்காமல் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டீர்கள்தானே, இதுவும் அப்படித்தான்.

இந்த உத்தரவாதத்தில் ஒரு பழைய வித்தை உண்டு. உங்கள் கடைப் பெயர், ஊர்ப் பெயர், ‘கருப்பட்டி சேர்த்து வாகை மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு லிட்டர் காங்கேயம்’ மாதிரி ரயில் நீளத்துக்கு ஒரு சொற்கோவை என்று பட்டியலை நிரப்பிவிட்டால் போட்டிக்கு ஆளே இருக்காது, முதலிடம் கிடைத்துவிடும். சொன்னபடி செய்துவிட்டோம் என்று பில் நீட்டுவார்கள், நீங்களும் மறுக்க முடியாது. அதை யாராவது தேடினால்தானே ஆர்டர் வரும்!

சரி, எண்ணெயில் ஆராய என்ன இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் நல்லெண்ணெய் என்கிறீர்கள், பாட்டிலில் ஜிஞ்சிலி ஆயில் என்று போடுகிறார்கள், வடக்கே அது தில் ஆயில். செசமே ஆயில் என்று தேடினால் சீன சமையலுக்கான வறுத்த எள் எண்ணெயும் கூடவே வந்து நிற்கும். கடலெண்ணெய்க்கும் கிரவுண்ட்நட், பீநட் என்று இரண்டு பெயர். மரச்செக்கு என்ற சொல்லையே கேள்விப்படாமல் ‘கோல்டு பிரஸ்ட்’ என்று மட்டும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் என்று எழுதுகிறவர் பாதி, எண்ணை என்று எழுதுகிறவர் பாதி, அப்புறம் தமிழையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் தட்டுகிற கூட்டம் வேறு. கூகுள் இதில் கொஞ்சத்தைத் தானே ஒன்று சேர்த்துக்கொள்ளும், எல்லாவற்றையும் அல்ல.

பெயரை விடவும் முக்கியம், தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்பது. ‘மரச்செக்கு விலை’ என்று ஒருவர் தேடினால் அவர் எண்ணெய் வாங்க வந்தவரா, இல்லை உங்களைப் போலவே செக்கு போட மெஷின் விலை விசாரிக்கிறவரா? இரண்டாவது ஆளாக இருந்தால் ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு பாட்டில் போகாது. ‘செக்கு எண்ணெய் நன்மைகள்’ என்று தேடுகிறவர் படித்துவிட்டுப் போய்விடுவார். ‘மரச்செக்கு கடலெண்ணெய் 5 லிட்டர்’ என்று தேடுகிறவர் கையில் பணத்தோடு நிற்கிறார், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் எனக்கு இவர்தான் வேண்டும். ‘தேங்காய் எண்ணெய் உறையுது, கலப்படமா’ என்று கேட்கிறவரையும் விடாதீர்கள். வெப்பநிலை 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் சுத்தமான எண்ணெயே உறையும் என்று உங்கள் தளம் விளக்கினால் அவருக்கு உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வரும்.

இதில் பாதியை நீங்களே செய்யலாம். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து கடைசி நூறு விசாரணைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், எந்த வார்த்தையில் கேட்டார்களோ அதே வார்த்தையில், திருத்தாமல். அதை ஒவ்வொன்றாக கூகுளில் தட்டினால் கீழே விரியும் யோசனைகளைப் பாருங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொற்களில் எதை அதிகம் தேடுகிறார்கள் என்று தமிழ்நாட்டு அளவில் ஒப்பிடலாம், இலவசம். கூகுளின் சர்ச் கன்சோலும் இலவசம்தான், எந்தெந்தத் தேடலில் உங்கள் தளம் தெரிந்தது என்று 16 மாதக் கணக்கைக் காட்டும், இதுவரை இணைக்கவில்லை என்றால் இன்றைக்கே இணையுங்கள். ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு பிளானர் கூகுள் விளம்பரக் கணக்குக்குள் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு அது 100 முதல் 1,000 வரை என்று அகலமான கணக்கைத்தான் காட்டும். அதில் வரும் ‘போட்டி’ என்ற பத்தி விளம்பரதாரர்களின் போட்டியைச் சொல்வது, சாதாரண தேடல் முடிவுகளைப் பற்றியது அல்ல. இதைத் தப்பாகக் காட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறுவனத்திடம் முதலில் ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் கொடுங்கள், மாத ஒப்பந்தம் பிறகு. ஒவ்வொரு சொல்லுக்கும் மாதம் எத்தனை தேடல், தேடுகிறவர் யார், தளத்தின் எந்தப் பக்கம் அதற்குப் பதில் சொல்லும், இப்போது முதல் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அந்த ஷீட் உங்களுக்குச் சொந்தம் என்றும் எழுதி வாங்குங்கள். முதல் பக்கம் முழுக்க அமேசானும் பிக்பாஸ்கெட்டுமாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு மூன்று மாதம் போதாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும், பலன் தெரியப் பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றும் கூகுளே சொல்கிறது. இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும் என்பதால் ‘பாருங்க, வந்துடுச்சு’ என்று உங்கள் போனில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தையல் கடைத் தளத்தில் 300 ‘மெட்டா கீவேர்டு’ சேர்க்க 4,000 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்தின் நிரலுக்குள் பார்ப்பவருக்குத் தெரியாமல் எழுதும் அந்த மெட்டா கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதே சொற்களைப் பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் போட்டுத் தருகிறோம் என்றால் அதற்கும் தலையாட்டாதீர்கள், அது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது, பிடிபட்டால் தளமே பின்னால் போகும். அந்த நாலாயிரத்துக்குத் தைத்த பிளவுஸ்களை நன்றாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே கூலியும் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் எழுதிப் போடுங்கள்.