2019 மாடல் லாரி, இன்னும் 26 டியூ: வாங்கலாமா?

கேள்வி: சங்ககிரி பக்கம் எனக்கு. 14 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். கையில் 8 லட்சம் இருக்கிறது, வீட்டு நகையை வைத்தால் இன்னும் 3 லட்சம் புரட்டலாம். சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி எடுக்க நினைக்கிறேன். புது பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) சேஸ் 38 லட்சம், பாடி கட்ட 5 லட்சம் என்கிறார்கள். ஒரு புரோக்கர் அதற்கு முந்தைய விதிப்படி வந்த 2019 மாடல் பிஎஸ்4 வண்டி காட்டினார். 6 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, மாதம் 41,000 வீதம் மீதி 26 டியூ கட்ட வேண்டும், டியூ முடிந்ததும் பேர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். 10,000 டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பிஎஸ்6 வண்டிக்குப் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எதை எடுப்பது?

பதில்: புதுசா பழசா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் புரோக்கர் சொன்ன ஏற்பாட்டை விட்டு வெளியே வாருங்கள். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் அதை வாங்கப் போவதில்லை. அடுத்தவர் கடனை நீங்கள் கட்டப் போகிறீர்கள், அவ்வளவுதான் அந்த ஏற்பாடு.

2019-ல் வாங்கிய லாரிக்கு இன்னும் 26 டியூ எப்படி பாக்கி இருக்கும்? லாரிக் கடன் வழக்கமாக நாலு வருஷம், ஐந்து வருஷம். கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தவணை விலக்கைச் சேர்த்தாலும் அந்தக் கடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால், பெரும்பாலும் உரிமையாளர் அதே வண்டியின் மேல் இன்னொரு கடன் வாங்கியிருப்பார். அந்தப் பணம் எங்கே போனது, வேறு எந்த வண்டியில் அவருக்கு டியூ நிற்கிறது, யாருக்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கிறார் என்று புரோக்கர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது இரண்டு பக்கக் கமிஷன்.

ரன்னிங் டியூ வண்டியில், அதாவது இப்படிப் பாதிக் கடனோடு கைமாறும் வண்டியில், ஆர்சி (பதிவுச் சான்று) பழைய உரிமையாளர் பேரில், கடன் அவர் பேரில், இன்சூரன்ஸ் அவர் பேரில். உங்களிடம் இருப்பது ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தமும், தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய பேர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களும். வண்டி விபத்தில் நொறுங்கினால், சேதத்துக்கான பணம் பைனான்ஸ் கம்பெனிக்கும் ஆர்சியில் பேர் இருப்பவருக்கும்தான் போகும். அவர் அதே கம்பெனியில் வேறொரு கடனில் டியூ தவறினால், அந்தக் கணக்கைக் காட்டி உங்கள் வண்டிக்கு என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) தர மாட்டார்கள். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும். கையெழுத்துக்கு அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நான் பழைய வண்டிகளுக்கு மதிப்பு போடும் வேலையில் இருக்கிறேன். திருச்செங்கோடு பக்கத்து ஆள் ஒருவர் இப்படி எடுத்த வண்டிக்கு 19 டியூ நாள் தவறாமல் கட்டினார். ஓசூர் தாண்டி லோடோடு போகும்போது பைனான்ஸ் கம்பெனி ஆட்கள் வண்டியை சீஸ் (பறிமுதல்) செய்துவிட்டார்கள். பழைய உரிமையாளர் அதே கம்பெனியில் எடுத்திருந்த இன்னொரு லாரிக்கு எட்டு மாதமாக டியூ கட்டவில்லை என்பது காரணம். இவர் ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஓடினார். ரசீதில் எல்லாம் பழைய உரிமையாளர் பேர்தான் இருந்தது. “நீங்க யாரு?” என்று கேட்டார்களாம். அவர் சட்டப்படி யாருமே இல்லை. சீஸ் செய்த வண்டிகளை நிறுத்தும் யார்டில் அந்த வண்டிக்கு மதிப்பு போட வந்தவன் நான். கேபினில் அவர் பிள்ளைகள் படம் ஒட்டியிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்படி வண்டியை விற்கிறவருக்கும் இது ஆபத்துதான். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியைக் கொடுத்துவிட்டோம், பணம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டுக்கு என்றைக்காவது நோட்டீஸ் வரும்.

கடன் உள்ள வண்டியை வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஒரே ஒரு வழியில். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் புரோக்கர்கள் இந்த வழியின் பேரைச் சொல்லித்தான் மற்ற வழியில் இழுத்துப் போவார்கள். விற்பவரும் நீங்களும் சேர்ந்து பைனான்ஸ் கம்பெனிக் கிளைக்கே போக வேண்டும். புரோக்கர் மட்டும் போய் “பேசிட்டேன்” என்று வருவது கணக்கில் சேராது. அங்கே பழைய கடன் கணக்கு முடிய வேண்டும், உங்கள் பேரில் புதுக் கடன் எண் பிறக்க வேண்டும். அந்தக் கம்பெனியே உங்களுக்குக் கடன் கொடுத்துப் பழையதைக் கழிக்கலாம். வேறு கம்பெனி உங்களுக்குக் கடன் கொடுத்து, அந்தப் பணம் நேராகப் பழைய கடனுக்குப் போகலாம். எப்படியானாலும் பேர் மாற்றமும் புது அடமானப் பதிவும் ஆர்டிஓ அலுவலகத்தில் அப்போதே நடக்க வேண்டும். 26 டியூ முடிந்த பிறகு நடப்பதாக இருக்கக் கூடாது. “டியூவை மாத்தி விட்டுட்டோம், நீங்க ஆப்ல கட்டுங்க” என்று சொல்வது பெயர் மாற்றம் இல்லை. வேறொருவர் கணக்கில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம், எந்தக் கம்பெனியும் தடுக்காது. உங்கள் பேரில் கடன் எண் வந்ததா, ஆர்சியில் உங்கள் பேர் ஏறியதா, 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் உங்கள் பேருக்கு மாறியதா, இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் 6 லட்சத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இந்த ஏற்பாடு இவ்வளவு பெருகியதற்குக் காரணம் புரோக்கர் மட்டும் இல்லை. கடைசி டியூ கட்டியவர்கூட என்ஓசிக்கு வாரக்கணக்கில் அலைகிறார். அடமானத்தை நீக்க விண்ணப்பித்தால், எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆன்லைனில் போட்ட பிறகும் நேரில் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்று அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. நேர்வழி இவ்வளவு நீளமாக இருந்தால் ஜனங்கள் குறுக்குவழியில்தான் போவார்கள். இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். புரோக்கர் ஏற்பாட்டில் உங்களுக்கு மொத்தம் ஆவது 16 லட்சத்து 66 ஆயிரம். இதே வயசு வண்டி ஒன்று 15 லட்சத்துக்கு நேராக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 6 லட்சத்தைப் போட்டு, 9 லட்சத்துக்கு உங்கள் பேரில் 15 சதவீத வட்டியில் மூன்று வருஷக் கடன் எடுத்தால் டியூ சுமார் 31,200. மொத்தம் 17 லட்சத்து 23 ஆயிரம். அறுபதாயிரத்துக்குள்தான் கூட. மாதம் பத்தாயிரம் குறைவு, வண்டி முதல் நாளிலிருந்தே உங்களுடையது.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கிறவர்கள் பலர் வட்டியை “பிளாட்” கணக்கில் சொல்வார்கள், அதாவது அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. 20 லட்சத்துக்கு 7 சதவீதம் பிளாட், நாலு வருஷம் என்றால் டியூ 53,333. கேட்க 7 சதவீதம், உண்மையில் குறையும் அசலுக்கு நீங்கள் கட்டுவது 12.7 சதவீதத்துக்குக் கிட்டே. 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாச் செலவும் சேர்த்த உண்மையான வருஷ வட்டி அதில் இருக்கும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி புது வண்டி. 38 லட்சத்தில் 90 சதவீதம் கடன் என்றால் 34 லட்சத்து 20 ஆயிரம். 11 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாத டியூ 74,000-க்கு மேல். முன்பணம் 3 லட்சத்து 80 ஆயிரம், பாடிக்கு 5 லட்சம், அப்புறம் பதிவு, வரி, இன்சூரன்ஸ். அந்த எடையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022-ல் நிர்ணயித்தபடி 43,950 ரூபாய். நேஷனல் பர்மிட் வருஷம் 16,500. உங்கள் 11 லட்சமும் வண்டி முதல் நடை போவதற்கு முன்பே தீர்ந்துவிடும். தோற்றுப் போகிற முதல் வண்டி உரிமையாளர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் தோற்றது வண்டி விலையால் இல்லை, மூன்றாவது மாதம் கையில் காசு இல்லாததால். லோடு ஏற்றும்போது அட்வான்ஸ் வரும். பாக்கி வாடகை, இறக்கிய ரசீது புக்கிங் ஆபீஸ் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில், 92 ரூபாய் கணக்குக்கு டீசலே கிலோமீட்டருக்கு 23 ரூபாய். அந்த ஒரு மாதத்தை எதை வைத்து ஓட்டுவீர்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல விஷயம்தான். டயர், உதிரிபாகங்களுக்கும் அதே குறைப்பு. ஆனால் “கட்டின ஜிஎஸ்டி திரும்ப வரும்” என்று ஷோரூமில் சொன்னால் நம்பாதீர்கள். ஒற்றை லாரியை டிரான்ஸ்போர்ட்டுக்கு ஓட்டும் உங்களுக்கு வராது.

பிஎஸ்6 பற்றிய பயத்தில் பாதிதான் உண்மை. 2020 ஏப்ரல் முதல் வந்த இந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய வடிகட்டி ஒன்றும், ஆட்புளூ தெளிக்கும் அமைப்பு ஒன்றும், அவற்றைக் கவனிக்கச் சென்சார்களும் இருக்கின்றன. ஏதாவது ஒன்று தவறினால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். இது பட்டறையில் ஸ்பானரோடு முடிகிற வேலை இல்லை. லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும், வண்டி நிற்கும், செலவாகும். அது உண்மை. ஆனால் என் மேசைக்கு வரும் பிஎஸ்6 வண்டிகளில் நான் பார்க்கிற பெரிய செலவுகளில் நிறைய, நாமே இழுத்துக்கொண்டவை. ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல், சுத்தமான யூரியாவும் சுத்தமான தண்ணீரும். 100 லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர்தான் ஆகும். அதிலும் மிச்சம் பிடிக்க, வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து கேனில் விற்கிறார்கள். அந்த யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூசியிருக்கும். அது பயிருக்கு நல்லது, இந்த அமைப்புக்கு எமன். தெளிப்பான் அடைத்து, உள்ளே உப்பு மாதிரிப் படிந்து, கடைசியில் முழுச் சைலன்சரையே மாற்ற வைக்கும்.

இதைவிட மோசம் “பைபாஸ்” போடுகிறவர்கள். ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் ஆட்புளூவே வேண்டாம் என்பார்கள். வாரண்டி போகும், எஃப்சியில் (வண்டித் தகுதிச் சோதனையில்) மாட்டுவீர்கள், வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமும்கூட. பழைய பிஎஸ்6 வண்டி வாங்கப் போனால் இந்தப் பெட்டி மாட்டியிருந்ததா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

அதனால் உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது, உங்கள் பேரில் ஆர்சி வரக்கூடிய பழைய பிஎஸ்4 வண்டி. ஆனால் நீங்கள் எந்த லைன் ஓட்டப் போகிறீர்கள் என்பது முக்கியம். டெல்லிப் பக்கம் லோடு பிடிப்பதாக இருந்தால் பிஎஸ்4 வேண்டாம். வெளிமாநிலப் பதிவு பிஎஸ்4 சரக்கு வண்டிகளுக்கு டெல்லிக்குள் நுழைய 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி. கர்நாடகா, ஆந்திரா, கேரளா என்று தெற்கிலேயே ஓட்டுவதாக இருந்தால் இது உங்களைத் தொடாது. இன்னொன்று, 8 வருஷம் தாண்டினால் எஃப்சி வருஷா வருஷம். 2019 வண்டிக்கு அது 2027-ல் வந்துவிடும். கட்டணத்தைவிட அதற்கு முந்தைய செலவுதான் பெரிது. பெயின்ட், டிங்கர் வேலை, ஒளிரும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. பாதுகாப்புக்கு என்று சொல்லி ஸ்டிக்கரை இரண்டு பேரிடம் மட்டும் வாங்கச் சொன்னால் அதில் யாருடைய பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். சேஸில் வெல்டிங் இருக்கிறதா, குறிப்பாக மெயின் பட்டைகள் (ஸ்பிரிங் தகடுகள்) உட்காரும் இடத்தில், குனிந்து பாருங்கள். ஜல்லி, எம்-சாண்ட் ஓட்டிய வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். டயர் பன்னிரண்டும் ஸ்டெப்னியும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். புது ரேடியல் ஒன்று 20,000-க்கு மேல், மொத்தமாக மாற்றினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். சேஸ் நம்பரைப் பென்சில் அச்சு எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் அடமானம், வரி, பர்மிட், பாக்கி அபராதம் எல்லாம் உங்கள் போனிலேயே தெரியும், இதற்குப் புரோக்கர் வேண்டாம்.

நகையை வைக்காதீர்கள். 6 லட்சம் போக மீதி 2 லட்சம் முதல் மூன்று மாத டீசலுக்கும் டியூவுக்கும் கையில் இருக்கட்டும். எஞ்சின் வேலை ஏதாவது வந்தால் அப்போது நகை இருக்கிறது.

டோக்கன் கொடுத்த 10,000-ஐ ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள் தம்பி. அதை மீட்பதற்காக 6 லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.