டாக்டரைக் கேளுங்கள்: குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் குழந்தை

கேள்வி: எனக்கு 31 வயது. 24 வயதில், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். போன வருடம் மகன் விபத்தில் இறந்துவிட்டான். மகள் மட்டும் இருக்கிறாள். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். டியூபை மறுபடி சேர்க்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். நேராக டெஸ்ட் டியூப் முறைக்குப் போங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: உங்கள் துக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, சகோதரி. ஆனால் கேட்ட விஷயத்தில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, ஏற்கெனவே கு.க. செய்திருந்த தாய்மார்களுக்குத் தமிழக அரசே இந்த மறு இணைப்பு ஆபரேஷனை இலவசமாகச் செய்துகொடுக்க முன்வந்தது. அப்படிச் செய்துகொண்ட சிலர் மறுபடியும் பிள்ளை பெற்றார்கள்.

முதலில் அந்தப் பழைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், வீட்டில் இல்லையென்றால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள், ஏனென்றால் டியூபை எப்படி அடைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். பிரசவத்தோடு செய்யும்போது பெரும்பாலும் கருக்குழாயின் நடுப்பகுதியைக் கட்டி ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார்கள், அது சேர்ப்பதற்கு வசதியானது. லேப்ராஸ்கோப்பில் ரிங் போட்டிருந்தாலும் சேதம் குறைவு. கரன்ட் வைத்துப் பொசுக்கியிருந்தால் சேதம் கூடுதல். சினைப்பையை ஒட்டி விரிந்திருக்கும் கடைசிப் பகுதியையே வெட்டி எடுத்திருந்தால் சேர்ப்பதில் அநேகமாகப் பயனில்லை. சேர்த்த பிறகு குழாய் 4 செ.மீ.க்கு மேல் மிஞ்சினால் நல்லது.

அடுத்து, கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. இதை ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். பெண்ணின் வயிற்றைத் திறந்து குழாயைச் சேர்த்து, ஒரு வருடம் காத்திருந்த பிறகுதான் குறை அவரிடம் என்று தெரிய வருவது பெரிய கொடுமை, அதுவும் சில நூறு ரூபாய் டெஸ்டில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். உங்களுக்கு ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் போதும், கருமுட்டை இருப்பு எப்படி என்று தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் வயதில் நான் மறு இணைப்பைத்தான் சொல்வேன். 35 வயதுக்குள் செய்துகொள்பவர்களில், குழாய் நல்ல நிலையில் இருந்தால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தரிக்கிறார்கள். அதோடு மாதாமாதம் இயற்கையாக முயற்சி செய்யலாம், ஊசி மருந்து தேவையில்லை. டெஸ்ட் டியூப் முறைக்குத் தனியாரில் ஒரு சுற்றுக்கே லட்சத்தைத் தாண்டும், முதல் சுற்றிலேயே தங்கும் என்ற உறுதியும் கிடையாது. மறு இணைப்பை மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்து பழகியவரிடம் மட்டும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

கேள்வி: மறு இணைப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இனி எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓரிரு மாதவிடாய் கழிந்ததும், உங்கள் டாக்டர் சரி என்றால், முயற்சியைத் தொடங்கலாம். ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. சேர்த்த குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்து மற்ற பெண்களைவிட உங்களுக்கு அதிகம். அதனால் நாள் தள்ளிப்போனால் உடனே டெஸ்ட், பாசிட்டிவ் என்றால் ஆறாவது வாரத்தில் ஸ்கேன், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, லேசான உதிரப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இது எங்கள் இருவருக்கும் மறுமணம். மனைவிக்கு 41 வயது, கு.க. செய்தவர். சேர்த்துவிடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: குழாயைச் சேர்க்கலாம் சார், வயதைக் குறைக்க முடியாது. 40-க்கு மேல் கருமுட்டையின் தரமும் எண்ணிக்கையும் வேகமாகக் குறைவதால், ஆபரேஷன், ஓய்வு, பிறகு ஒரு வருட முயற்சி என்று காலம் கடத்துவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. நேராகக் கருத்தரிப்பு மையத்துக்குப் போங்கள், இந்த மாதமே.

கேள்வி: எனக்கு 23 வயது, இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. "கையோடு ஆபரேஷனை முடித்துவிடு" என்கிறார் மாமியார். மறுபடி வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம்தானே?
- வாசகி, விழுப்புரம்

பதில்: அந்த நினைப்போடு செய்துகொள்ளாதே அம்மா. கு.க. ஆபரேஷன் நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களே பின்னால் அதிகம் வருந்துகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உனக்குக் காப்பர்-டி என்ற வழி இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறு கருத்தடைச் சாதனம் அது, பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் போடுவார்கள், 10 வருடம் வரை தாங்கும் வகையும் உண்டு, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மாமியாரிடம் கணவரைப் பேசச் சொல். அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் காப்பர்-டி போதும் என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வைத்துவிடு. பிரசவ வலியில் இருக்கும்போது யார் வந்து கு.க.வுக்குக் கையெழுத்துக் கேட்டாலும் போடாதே.