ஈ எங்கே கிடைத்தது?

கேள்வி: பெரிய எழுத்தாளர்களின் கதைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினால் எனக்கும் எழுத்து கைகூடுமா? ஈயடிச்சான் காப்பி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்கிறார், கும்பகோணம்)

பதில்: முதலில் அந்த ஈயடிச்சானுக்கு ஒரு நியாயம் செய்துவிடுவோம். மூலத் தாளில் ஒரு ஈ நசுங்கி ஒட்டியிருந்ததாம். படியெடுத்த குமாஸ்தா இன்னொரு ஈயைத் துரத்திப் பிடித்து அடித்து அதே வரியில் அதே இடத்தில் ஒட்டினாராம். காலங்காலமாகச் சிரிக்கிறோம். ஆனால் அவசரத்துக்கு ஒரு ஈ, அதுவும் அதே அளவில், மூலத்தில் இறக்கை எந்தப் பக்கம் மடங்கியிருந்ததோ அந்தப் பக்கமே மடங்கும்படி அடிப்பது லேசான காரியமா ஐயா? அப்படி ஒருவர் எனக்கு மெய்ப்புப் பார்க்கக் கிடைத்தால், ஒரே பக்கத்தில் கோயில் என்றும் கோவில் என்றும் அச்சாகாது. (அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.)

நம்மவர்கள் ஈயை மட்டும் ஒட்டிவிட்டு எழுத்தை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் குறை. எழுத்தாளர் சுஜாதா, ஒரு ஆள் மாடிப்படி இறங்குவதை, எழுத்துகளையே படிப்படியாகச் சரித்து அச்சில் இறக்கிக் காட்டினார். அன்றிலிருந்து எங்களுக்கு வரும் கதைகளில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில்கூட எல்லோரும் படியில்தான் இறங்குகிறார்கள். எளிதில் பிடிபடாத சிறுகதைகளுக்குப் பேர்போன மௌனியைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்னும் மோசம், புரியாத இடம் மட்டும் அச்சு அசலாக வந்துவிடும்.

சரி, உங்கள் கேள்வி. பின்னாளில் அமெரிக்காவின் பெரிய தலைவராகவும் எழுத்தாளராகவும் ஆன பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பாஸ்டனில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் கற்ற பையனாக இருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் பழைய தொகுதி ஒன்று கையில் அகப்பட்டது. கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னதாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார். சில நாள் கழித்து அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தானே எழுதிப் பார்த்து, அப்புறம்தான் மூலத்தோடு ஒப்பிட்டுத் தப்பைத் திருத்துவார். தன்னிடம் சொற்கள் போதவில்லை என்று பட்டதும் சில கதைகளைச் செய்யுளாக்கினார். யாப்பில் அடங்க வேண்டுமென்றால் ஒரே பொருளுக்கு நாலு சொல் தேடத்தானே வேண்டும்? மூலம் நன்றாக மறந்த பிறகு அதையே மறுபடி உரைநடையாக்கினார். நம் ஊரில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே பயிற்சிதான், அதைக் கிழடு தட்டியது என்று ஒதுக்கிய புதுக்கவிதைக்காரர்களோடு நான் இன்னும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகும் பையனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறீர்களா? ராத்திரி, விடிகாலை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு டிமிக்கி கொடுத்த நேரம். அவரே எழுதிவைத்திருக்கிறார். சின்னச் சின்ன இடங்களில் மூலத்தைவிடத் தன்னுடையதே தேவலை என்று தோன்றியதாம், அதையும் மறைக்கவில்லை.

ஆகவே பார்த்து எழுத வேண்டாம், மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய சிறுகதையையும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், கதாநாயகன் படியில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், நிஜமாகவே ஒரு கொசு நசுங்கியிருந்தது. அது யாருடைய பாதிப்பு?