கொலைச் சந்தேகநபருக்கும் பிணையா?

வணக்கம் அண்ணா,

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊரில் காணித் தகராறில் ஒரு கொலை நடந்தது. பிடிபட்டவர் ஒரு வருசத்துக்கு மேல் மறியலில் இருந்துவிட்டு, போன மாதம் பிணையில் வந்துவிட்டார். செத்தவரின் மனைவி சந்தைக்குப் போனால் அவரும் அங்கே நிற்கிறார். கொலை செய்தவனுக்கும் பிணை உரிமை உண்டு என்று எழுதுவீர்களா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுவேன். அவர்தான் கொன்றார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கலாம். நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லையே.

கொலை வழக்கில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தீர்ப்பு இல்லாமல் ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் அடைத்து வைக்கக்கூடாது என்பதும் அதே சட்டம். இன்னும் வைத்திருக்க வேண்டுமென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 மாதம், மொத்தமாக இன்னும் 12 மாதம், அவ்வளவுதான். அந்த ஒரு வருசத்துக்குள் குற்றப்பத்திரம் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அது. வழக்குக் கோப்பு கொழும்பில் சட்டமா அதிபரிடம் கிடக்கும்வரை ஆளை உள்ளே வைத்திருப்பதை நீதி என்று எப்படிச் சொல்வது?

வன்னியில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொஞ்சம் வருத்தம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு இந்தப் பிணைச் சட்டம் பொருந்தாது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போய், 'விளக்கமறியல் நீடிப்பு' என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பிய தாய்மார் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். 2022இல் ஒரு திருத்தம் வந்தது. தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. 12 மாதத்தில் விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுக்கலாம் என்றும் வைத்தார்கள். முல்லைத்தீவுக்காரர் அதற்குக் கொழும்புக்குப் போய் சட்டத்தரணி பிடிக்க வேண்டும்! சரி, அதாவது வந்ததே.

அந்தப் பிள்ளைகளுக்காக நாம் என்ன சொன்னோம்? குற்றம் சாட்டினால் குற்றவாளி ஆகிவிடுவாரா, விசாரி அல்லது விடு என்றுதானே? நமக்குப் பிடிக்காதவர் மாட்டும்போது அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. காசுப் பிணைக்கு வழியில்லை, கையெழுத்துப் போட நிரந்தர வருமானமுள்ள ஆள் இல்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சரீரப் பிணையாளி இரண்டு பேரைத் தேடுவது லேசான காரியமா?

அப்புறம், அந்த அக்காவின் பயம். அதை நான் சின்னதாக எடுக்கவில்லை. சந்தையில் நிற்பது மட்டும் மிரட்டல் ஆகாது. ஆனால் வழக்கைக் கைவிடச் சொல்லி ஆள் அனுப்பினாலோ, வீட்டு வாசலில் வந்து நின்றாலோ கதை வேறு. சாட்சிகளில் கைவைப்பார் என்பது பிணை மறுக்கவே சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று. அப்படி நடந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் இலக்கத்தை வாங்கி வைக்கட்டும். அதைக் காட்டிப் பிணையை ரத்துச் செய்யக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் அதன் இடத்துக்குப் புதியது வந்திருக்கிறது. அவர் பாதுகாப்புக் கேட்க அதில் இடமுண்டு.

இப்போதைக்கு ஒரு சட்டத்தரணி மூலம் பிணைக் கட்டளையின் பிரதியை எடுத்து, என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிணையில் வந்தவர் அந்த அக்காவின் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று அதில் இல்லையென்றால், அதைச் சேர்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

அன்புடன்,
அண்ணா