ஒற்றை நட்டா, ஐந்து போல்ட்டா?

கேள்வி: பழைய போர்ஷே 911 ஜிடி3 (991) ஒன்றை வாங்கப் பேசியிருக்கிறேன். அவ்வப்போது ட்ராக்கிலும் ஓட்டுவேன். அதில் இருப்பது சென்டர்-லாக் வீல், அதாவது நடுவே ஒரே ஒரு பெரிய நட்டால் பிடிக்கும் வகை. வீட்டிலேயே கழற்றி மாட்ட முடியுமா? ஐந்து போல்ட்டுக்கு மாற்றிவிடுவது நல்லதா?

பதில்: மாற்றத் தேவையில்லை. ஹப் (வீல் பொருந்தும் அச்சுத் தலை), வீல் எல்லாமே மாற வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கருவிகளுக்குச் செலவிட்டால் போதும்.

இதே 991 தலைமுறையின் ஐந்து போல்ட் 911-இல் 19 மி.மீ. சாக்கெட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அவ்வளவுதான். உங்கள் காரின் ஒற்றை நட்டுக்கு 600. எண்பது சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் 75 கிலோ ஆள் முழு எடையோடு தொங்கினாலும் 590-ஐத் தாண்டாது. சாதாரணப் பட்டறைகளில் இருக்கும் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கியதும் ‘கிளிக்’ சொல்லும் கருவி) பெரும்பாலும் 340-ஐ எட்டுவதற்குள்ளேயே நின்றுவிடும். எனவே சாக்கெட் மாட்டும் சதுர முனை (டிரைவ்) முக்கால் அங்குலம் உள்ள பெரிய ரெஞ்ச் வேண்டும். இந்த நட்டுக்கான சாக்கெட் எப்போதும் காரிலேயே இருக்கட்டும். வழியில் பஞ்சரானால் ரோட்டோரக் கடையில் அது கிடைக்காது.

மாட்டும்போது நட்டின் மரையிலும் கூம்பு முகத்திலும் அலுமினியம் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுங்கள். ஹப்பும் வீலும் ஒட்டும் பரப்பு சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, 600 வரை இறுக்கி, 60 முதல் 90 டிகிரி தளர்த்தி, மறுபடி 600-க்கு இறுக்குங்கள். முதல் இறுக்கத்தில் வீல் சரியாக உட்காராமல் போகலாம் என்பதால்தான் இந்த இரண்டாம் சுற்று. இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்துச் சுழற்றும் மெஷின்) இறுக்கவே கூடாது.

பேஸ்ட் இல்லாமல் இறுக்குபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும், ஆனால் இறுக்கத்தின் பெரும்பகுதியை உராய்வே தின்றிருக்கும். வீலைப் பிடித்திருக்கும் அழுத்தம் போதாமல், ஓட ஓட நட்டு தளரும்.

சாக்கெட்டை எடுத்ததும் நட்டின் நடுவே பாருங்கள். சாக்கெட் உள்ளே தள்ளியிருந்த ஸ்பிரிங் பூட்டு வெளியே வந்து நட்டின் பற்களில் பொருந்தியிருக்க வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் இறுக்கும் திசையில் சற்று நகர்த்துங்கள், பொருந்திக்கொள்ளும். தளர்த்திப் பொருத்த வேண்டாம்.

எடை குறையும் என்று இதைப் புகழ்பவர்களை நம்ப வேண்டாம், பெரிய லாபம் கிடையாது. பந்தயத்தில் ஒரே நட்டு என்றால் பிட்டில் (நடுவே நிறுத்தி வீல் மாற்றும் இடம்) நேரம் மிச்சம். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தின் முதன்மையான கப் தொடர்கூட 2022-இல்தான் ஐந்து நட்டைக் கைவிட்டது. சாலையில் அந்த அவசரம் யாருக்கும் இல்லை. ஐந்தில் ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கு பிடித்துக்கொள்ளும், இங்கே அந்த மாற்று வழி கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் நான்கு வீலையும் கழற்றச் சொல்லி, நட்டின் கூம்பில் கீறல், மரையில் சிதைவு, ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முளைகளில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ராக்கில் ஓடிய காராக இருந்தால் ஹப் சோதித்ததற்கான சர்வீஸ் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.