சோற்றைக் குறைத்தேன், மாத்திரையை மறந்தேன்

கேள்வி: மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை நோய் கட்டுக்குள் வருமா? நம்மூர்ச் சாப்பாட்டை வைத்துக்கொண்டே அது முடியுமா?

முடியும், எனக்கு முடிந்தது. ஆனால் தொடங்கும்போது நான் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன், வயது 46. மூன்று வருடத்துக்கு முன்பு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.8 என்று வந்தது (6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான்), ரத்தக் கொழுப்பில் ஒன்றான டிரைகிளிசரைடு 270, பேண்ட் இடுப்பு 40. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார், அதில் ஒன்று கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. ஆறேழு மாதம் ஒழுங்காகப் போட்டேன். அப்புறம் மாவை விட்டுக் கறி, முட்டை, கொழுப்பு என்று சாப்பிடும் பேலியோவில் இறங்கியிருந்த மச்சான் பேச்சைக் கேட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே நாளில் சோறு, இட்லி, டீச் சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாத்திரையை மட்டும் அதே அளவில் விழுங்கிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ராத்திரி குடோனில் பாவு பிணைக்கிறவரோடு பழமை பேசிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது, சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது, பக்கத்திலேயே ஓடுகிற தறிச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. அவர்தான் "ஏனுங்ணா, என்னாச்சுங்?" என்று டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தபோதும் சர்க்கரை 68-தான், தாழ்ந்த அளவு.

அந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுகிறவர்கள் மாவைக் குறைத்தால் மருந்தையும் குறைக்க வேண்டிவரும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகளில் வேறு சிக்கல்: மாவை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடக்கூடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஊடை நூல் எடை போடும் தராசு குடோனில் இருக்கிறது. ஒரு நாள் மதியம் நான் வழக்கமாகப் போடும் சோற்றை அதில் வைத்தேன், 430 கிராம். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் வாக்கில் மாவுச்சத்து, அப்படியென்றால் ஒரு வேளைக்கே 120 கிராம். வீட்டில் பார்த்துவிட்டு, "மாமா, இது தறிக்கு ஓட்டறதா, வயித்துக்குங்களா?" என்றாள். இப்போது 120 கிராம் சோறுதான். தட்டின் மீதி இடத்தில் கீரை, பொரியல், இரண்டு முட்டை. ஞாயிறு என்றால் பள்ளிபாளையம் சிக்கன், அதில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு தவிர பெரிதாக என்ன இருக்கிறது, மாவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அரிசியும் பருப்பும் சோறு மட்டும் வாரம் ஒரு நாள், அதை விடச் சொன்னால் நான் மாத்திரையே போட்டுக்கொள்வேன்.

நம்ம பக்கம் பெரிய ஏமாற்று சிறுதானியம்தான். கம்பங்களி நல்லது, ராகிக் கூழ் நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். நார்ச்சத்து கூட, அதை மறுக்கவில்லை, ஆனால் காய்ந்த தானியம் 100 கிராமில் அரிசிக்கு 78 கிராம் மாவு என்றால் கம்புக்கும் 60-க்கு மேல், ராகிக்கு 65-க்கு மேல். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான், நிறம் பழுப்பு என்பதற்காகக் கணையம் சலுகை தராது. கொள்ளுப் பருப்பில் புரதம் 22 கிராம் இருந்தாலும் மாவும் ஐம்பதுக்கு மேல், அதனால் அதையும் அளந்துதான்.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியதும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். கிளைகோஜன் என்று உடம்பு சேமித்து வைத்த சர்க்கரை தீரும்போது அதோடு கட்டுண்ட நீரும் போகும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் 83 கிலோ 76 ஆனது, எச்பிஏ1சி 6.3, டிரைகிளிசரைடு 150. ஆனால் வெண்ணெயும் தேங்காயும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டதில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 125-லிருந்து 170-க்கு ஏறிவிட்டது, இதை மச்சான் சொல்லவே இல்லை! வெண்ணெயை விட்டு மீன், கொஞ்சம் கல்லக்காய் (நிலக்கடலை) என்று மாறியதும் 130-க்கு வந்தது.

2021-ல் பிஎம்ஜே என்கிற மருத்துவ இதழில் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாவைக் குறைத்தவர்களில் ஆறு மாதத்தில் 57 சதவீதம் பேருக்கு எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே போனது, மற்ற உணவுமுறையில் 31 சதவீதம். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எனக்கு ஆச்சரியமில்லை, பேலியோ மச்சானே எட்டாவது மாதம் புரோட்டாக் கடையில் மாட்டினான்.

இப்போது ஒரு மாத்திரைதான், அதையும் டாக்டர்தான் குறைத்தார். போன மாதம் பங்காளி வீட்டு விசேஷத்தில் ஒப்புட்டு (போளி) இரண்டு தின்றேன், மறுநாள் காலை வெறும் வயிற்றில் 134. மூன்றாவதையும் இலையில் வைத்தார்கள், அதைப் பையனுக்குத் தள்ளிவிட்டேன்.