இரண்டே ஆண்டில் தாதிமைப் பட்டம்: அந்த விளம்பரம் உங்களுக்கானதா?

கேள்வி: எனக்கு 28 வயது. கெப்போங்கில் வசிக்கிறேன். உயிரித் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைச் சாதனங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தாதியாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் என் தோழி, வணிகப் பட்டம் பெற்றவள், 15 மாதங்களில் தாதிமைப் பட்டத்தை முடித்துவிட்டாள். கோலாலம்பூரிலும் ‘இரண்டு ஆண்டுத் தாதிமைப் பட்டம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு அதில் சேரலாமா? படித்த படிப்பை வீணாக்குகிறேன் என்று அம்மா வருந்துகிறார்.

பதில்: அந்த விளம்பரத்தை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். இங்கே இரண்டு ஆண்டு என்று விளம்பரமாகும் தாதிமைப் பட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே தாதியாக இருப்பவர்களுக்கானது. டிப்ளோமா முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்று, வார்டில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பட்டதாரியாக உயர்வதற்கான படிப்பு அது. சேர்க்கைத் தகுதிகளில் ‘பதிவு பெற்ற தாதி’ என்று ஒரு வரி இருக்கும். விளம்பரத்தில் அது கண்ணில் படாமல் போகலாம். கல்லூரியின் தகுதிப் பட்டியலில் தேடிப் படியுங்கள்.

உங்கள் தோழியின் 15 மாதங்களும் உண்மைதான். வேறு பட்டம் பெற்றவர்களுக்கான விரைவுப் படிப்பை 1971-ஆம் ஆண்டிலேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. இப்போது அமெரிக்கா முழுவதும் அத்தகைய படிப்புகள் 11 முதல் 18 மாதங்கள் வரை நடக்கின்றன. அங்கே இவ்வளவு சுருக்க முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க நான்காண்டுத் தாதிமைப் பட்டத்தில் ஏறக்குறைய பாதி, மொழி, வரலாறு, உளவியல், வேதியியல் போன்ற பொதுப் பாடங்களும் அடிப்படை அறிவியலும்தான். முதல் பட்டத்தில் அவற்றைப் படித்தவர் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. அதோடு, உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்றவற்றைச் சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பார்கள். வணிகம் படித்த உங்கள் தோழி அதற்கும் தனியாகச் சில மாதங்களாவது செலவிட்டிருப்பார். அந்தக் காலம் 15 மாதக் கணக்கில் வராது.

நம் நாட்டுப் பட்டப்படிப்பின் அமைப்பு வேறு. முதல் ஆண்டிலேயே தாதிமைப் பாடங்கள் தொடங்கிவிடுகின்றன. பொதுப் பாடங்கள் கொஞ்சம்தான். உங்கள் பட்டத்தைக் காட்டிச் சில பாடங்களுக்குக் கிரெடிட் மாற்றம், அதாவது ஏற்கெனவே படித்ததற்கு விலக்கு, கேட்கலாம். உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் படித்திருப்பதால் கட்டாயம் கேளுங்கள். ஆனால் வார்டுப் பயிற்சிக்கு அது செல்லாது. நோயாளியின் படுக்கை அருகில் நிற்க வேண்டிய மணி நேரத்தை எந்த வகுப்பறைப் பாடமும் ஈடுகட்டாது. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிரிட்டனில் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு வழி இருந்தாலும், மொத்தம் 4,600 மணி நேரம், அதில் பாதி நேரடிப் பயிற்சி என்ற கணக்கை விட்டுக்கொடுப்பதில்லை. முன்பு கற்றதையும் செய்ததையும் ஆதாரத்தோடு காட்டினால்தான் அந்த மணி நேரத்தில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள்.

ஆகவே உங்கள் முன் இருப்பவை, பள்ளி முடித்து வரும் மாணவருக்கு இருக்கும் அதே இரண்டு வழிகள். ஒன்று மூன்று ஆண்டு டிப்ளோமா. மற்றொன்று நான்கு ஆண்டுப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் போன்றவை அதை நடத்துகின்றன. எந்த வழியில் போனாலும் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும்; ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ், பதிவில் பெயர் இருந்தால்தான் நீங்கள் தாதி.

மலேசியாவிலேயே வேலை செய்வதுதான் எண்ணம் என்றால், நான் டிப்ளோமாவையே சொல்வேன். பட்டதாரி டிப்ளோமா படிப்பதா என்ற தயக்கம் வேண்டாம். மூன்றாம் ஆண்டு முடிவில் சம்பளம் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் விளம்பரத்தில் பார்த்த அதே படிப்பில், வேலையில் இருந்தபடியே பட்டம் பெறலாம். அதைவிடப் பெரிய காரணம் பணம். தலைநகரிலும் பினாங்கிலும் தனியார் மருத்துவமனைகள் பல, டிப்ளோமா மாணவர்களுக்குக் கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் தந்து, படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட ஆண்டுகள் தங்களிடம் பணிபுரிய ஒப்பந்தம் போடுகின்றன. பினாங்கில் லாம் வா ஈ, அட்வெண்டிஸ்ட் போன்ற மருத்துவமனைகளோடு இணைந்த தாதிமைக் கல்லூரிகளே இருக்கின்றன.

அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பணி ஆண்டுகள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன, படிப்பு முடிந்த நாளிலிருந்தா, பதிவு கிடைத்த நாளிலிருந்தா? வாரியத் தேர்வில் முதல்முறை தவறினால் என்ன ஆகும்? இடையில் விலகினால் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்ட வேண்டுமா, பணிபுரிந்த ஆண்டுகளுக்குக் கழிவு உண்டா? ஜாமீன் கையெழுத்து யார் போடுகிறார்கள்? ஓய்வு பெற்ற பெற்றோர் கையெழுத்திட்டால் அந்தச் சுமை அவர்கள் தலையில் விழும். அம்மாவிடம் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். வயது உச்சவரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு என்பதால், 28 வயதில் முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

சொந்தச் செலவில் படிப்பதாக இருந்தால், ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து உங்கள் கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது. முதல் பட்டத்துக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் பாக்கி இருந்தால், அதன் மாதத் தவணையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வார்டுப் பயிற்சி ஷிப்டு முறையில் வரும் என்பதால், இப்போதைய வேலையைத் தொடர்ந்துகொண்டே படிக்க முடியாது.

வெளிநாட்டில் குடியேறுவதே நோக்கம் என்றால் என் பதில் மாறும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன், சிட்னி பல்கலைக்கழகங்கள் வேறு துறைப் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு முதுகலைத் தாதிமை நடத்துகின்றன. முடித்தவர் அங்கே தாதியாகப் பதிவு பெறலாம். செலவு பெரியது. ஆனால் நீங்கள் கேட்ட விரைவுப் படிப்புக்கு அதுதான் நெருங்கியது. படித்துவிட்டு இங்கே திரும்பும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், கட்டணம் கட்டும் முன் பாடத்திட்டத்தையும் பயிற்சி நேரத்தையும் நம் தாதியர் வாரியத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதி போதாது.

அம்மாவின் வருத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவை வாசிக்கத் தெரிந்த, மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்று பார்த்துப் பழகிய ஒருவர் தாதியாக வந்தால் வார்டுக்கு நல்லது. பின்னாளில் தொற்றுக் கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்குப் போகும்போது நுண்ணுயிரியல் படித்தது கைகொடுக்கும். அந்தப் பட்டம் வீணாகாது.

முதல் வேலையாக உங்கள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பட்டம் இருந்தாலும் கல்லூரிகள் அதைக் கேட்கும். மலாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் கிரெடிட் என்ற தரத் தேர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏதேனும் ஒன்றில் குறைந்தால் அந்தப் பாடத்தை மட்டும் தனித் தேர்வராக மீண்டும் எழுதலாம். அந்த மாதங்களில் வேலையையும் விட வேண்டாம். வார இறுதிகளில் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும், செராஸில் உள்ள ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்பில் தொண்டராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்து வரும் தாதி ஒருவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகும் உறுதி குறையவில்லை என்றால், கல்லூரியின் அனுமதிக் கடிதமும் மருத்துவமனையின் உதவித்தொகை ஒப்பந்தமும் கைக்கு வந்த பின் ராஜினாமாவைக் கொடுங்கள்.